குட்டையை மூட வேண்டாம். முற்றத்தைச் சுற்றிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்புறம் பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலத்தில் ஒரு சின்னக் குட்டை வெட்டி வைத்திருக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. இந்தக் குட்டைத் தண்ணீரில்தான் கீரை, கத்தரி, முருங்கை, நாலு செடி மல்லி எல்லாம் வளர்கிறது. போன மழைக்காலத்தில் சின்ன மகனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். "உங்கள் குட்டையால்தான் தெருவுக்கே கொசு" என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். வீட்டுக்காரர் மூடுவதற்காக மணல் கூடக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். மூடாமலே கொசுவைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறதா?

— வாசகி, பழவேற்காடு பகுதிக் குப்பம்

பதில்: கடிதம் வந்த வாரம் பொன்னேரியில் எனக்கு வேறு வேலை இருந்தது. அங்கிருந்து பழவேற்காடு அதிக தூரமில்லை என்பதால் நேரிலேயே போய்விட்டேன். ஆவணி மாதம். முந்தின வாரம் இரண்டு நல்ல மழை பெய்திருந்தது. கொசு பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதலில் அந்தக் குட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. கடலோர மணலில் விழும் மழை கீழே இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் ஆடை மாதிரி மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால்தான். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். அகலமாக, ஆழம் குறைவாகத் தோண்டினால் மேலாடை மட்டும் ஊறி வரும். சவுக்கும் மல்லியும் போட்ட கடலோரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இது. தெற்கே சில இடங்களில் துரவு என்பார்கள். உங்கள் மாமியார் சொன்னார்: "கிணறு கெட்டு எட்டு வருஷம் ஆவுது தம்பி. இந்தப் பள்ளம் இல்லன்னா ஒரு கொத்தமல்லி கூட கடையிலதான் வாங்கணும்." மூன்று அடி ஆழத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். சரியான வேலை. இதை மூடினால் தோட்டம் போகும். கொசு போகுமா என்பதுதான் கேள்வி.

ஒரு வெள்ளைக் கிண்ணம் கேட்டேன். இந்த வேலைக்கு வெள்ளைக் கிண்ணத்தைவிட நல்ல கருவி இல்லை. வெள்ளையில் புழு கறுப்பாகத் தெரியும். சத்தமில்லாமல், நம் நிழல் தண்ணீரில் விழாமல் போய், கிண்ணத்தைச் சாய்த்து ஒரே வீச்சில் மொள்ள வேண்டும். நிழல் பட்டால் புழு கீழே ஓடிவிடும். குட்டையின் நடுவில் ஐந்து முறை மொண்டேன், ஒன்றுமில்லை. ஓரத்தில், புல் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த இடத்தில் மொண்டபோது ஒவ்வொரு கிண்ணத்திலும் ஐந்தாறு வந்தது.

அந்தப் புழுக்களை வீட்டாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். தலை கீழே, வால் மேலே என்று சாய்வாகத் தொங்கினால் அது கியூலெக்ஸ் வகை அல்லது டெங்கு பரப்பும் ஏடிஸ் வகை. வாலில் இருக்கும் குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு விடும். தண்ணீர் மட்டத்தோடு படுத்த மாதிரி, துரும்பு போல மிதந்தால் அனோபிலிஸ். மலேரியா பரப்பும் வகைகள் அந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன. அந்தக் குடும்பத்திலும் எல்லாமே பரப்புவதில்லை. குட்டை ஓரத்தில் இரண்டும் இருந்தன. "உப்புக் கலந்த தண்ணீர்ல கொசு வராதுன்னு சொல்வாங்களே சார்" என்றார் வாசகியின் கணவர். வரும். அனோபிலிஸ் சப்பிக்டஸ், அனோபிலிஸ் சுண்டைக்கஸ் என்று இரண்டு வகைகள் கழிமுகத் தண்ணீரிலும் உப்பங்கழியிலும் நன்றாகவே பெருகும். ஏரிக்கரையில் இருக்கிறவர்கள் உப்பை நம்பி உட்கார முடியாது.

ஆனால் மகனுக்கு வந்தது மலேரியா இல்லை, டெங்கு. டெங்கு பரப்பும் கொசு, காலில் வெள்ளை வளையம் போட்டது, பகலில் கடிப்பது. அது மண்குட்டையை அவ்வளவாக விரும்பாது. பிளாஸ்டிக், சிமென்ட், ரப்பர், தகரம் என்று சுவருள்ள பாத்திரத்தில் நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். பறந்து போகும் தூரமும் அதிகமில்லை, சில நூறு மீட்டர்தான். அதாவது உங்கள் வீட்டில் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டில் அல்லது நாலு வீடு தள்ளிப் பிறந்ததாக இருக்கும்.

அதனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. மோட்டார் ரிப்பேருக்காகக் கரையேற்றி நிமிர்த்தி வைத்திருந்த ஃபைபர் படகின் அடித்தட்டில் மழைத்தண்ணீர். கிண்ணம் முழுக்கப் புழு. மீன் வைக்கும் உடைந்த தெர்மாகோல் பெட்டிகள் மூன்று; இரண்டில் புழு. படகில் இடிபடாமல் இருக்கக் கட்டும் பழைய டயர்கள். டயருக்குள் தண்ணீரைக் கொட்டவே முடியாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளேயே ஓடும். குடிதண்ணீர் பிடித்து வைத்திருக்கும் நீல டிரம் இரண்டு. தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு என்பதால் டிரம் இல்லாத வீடு அங்கே இல்லை. ஒன்றுக்கு மூடி இருந்தது. இன்னொன்றின் மேல் வைத்திருந்தது பழைய தட்டு. விளிம்பில் மூன்று விரல் இடைவெளி. அதில் புழுவும் இருந்தது. கமா மாதிரி வளைந்து துள்ளும் கூட்டுப்புழுவும் இருந்தது. கூட்டுப்புழு என்றால் இரண்டு நாளில் கொசு.

வாசகி டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதுலதான் சார் பசங்களுக்குத் தண்ணி மொண்டு தர்றேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற டிரம்தான் அது. மாமியார் மட்டும், "அந்தப் பள்ளத்தப் போயி ஊரே திட்டுச்சே" என்றார்.

ஆகவே வேலை இரண்டு. ஒன்று டெங்குவுக்காக, முற்றத்தில். இன்னொன்று மற்றக் கொசுக்களுக்காக, குட்டையில்.

முற்றத்து வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள், உங்கள் பக்கம் கடலுக்குப் போகாத நாள் எதுவோ அந்த நாளில், எல்லா டிரம்மையும் காலி செய்து உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் இருக்கிறது. பிறகு வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுங்கள். தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது. படகைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்க முடியாத பெரிய படகு என்றால் அடைப்பைத் திறந்து விட்டுச் சாய்த்து வையுங்கள். டயரில் நாலு இடத்தில் ஓட்டை போட்டால் தண்ணீர் நிற்காது, டயர் தன் வேலையையும் செய்யும். உடைந்த தெர்மாகோலுக்கு மட்டும் எனக்கு நல்ல வழி தெரியவில்லை. எரிக்காதீர்கள். குப்பை வண்டி வரும்வரை மழை படாமல் கூரைக்கடியில் அடுக்கி வையுங்கள்.

இனி குட்டை.

பழவேற்காட்டுக்குத் தெற்கே, இதே கடலோரத்தில் இருக்கிற புதுச்சேரியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் அங்கே கொசு போன்ற நோய்க்கடத்திகளை ஆராய ஒரு மையம் தொடங்கியது. அதன் இயக்குநராக இருந்தவர் பி.கே. ராஜகோபாலன். மருந்தடித்து மட்டும் கொசுவை ஒழிக்க முடியாது, தண்ணீரைச் சரி செய்ய வேண்டும் என்பது அவர்கள் எடுத்த வழி. புதுச்சேரி நகரத்துக் கிணறுகளில் மீன் விட்டுப் பார்த்தார்கள். ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்த காம்பூசியா. இன்னொன்று நம் ஊர் அப்லோகைலஸ், அதாவது நாம் முண்டக்கண்ணி என்கிற சின்ன மீன். அந்த ஆய்வு 1978-இல் வெளிவந்தது. தெற்கே இருந்த கடலோர ஊர்களில் உப்பங்கழியில் பச்சைப்பாசி மண்டி, அந்தப் பாசிக்குள் மீன் புக முடியாமல் அனோபிலிஸ் பெருகியது. ஊர் மக்களைக் கொண்டே பாசியை வாரி எடுக்க வைத்தார்கள். வாரிய பாசியிலிருந்து காகிதம் செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள், எடுப்பவருக்குக் கொஞ்சம் காசும் வரட்டும் என்று.

இதே மையம் 1980-களில் கேரளத்தின் சேர்த்தலையில் வேலை செய்தது. அங்கே யானைக்கால் நோயைப் பரப்பியது மான்சோனியா என்ற கொசு. அதன் புழு மூச்சுவிடத் தண்ணீருக்கு மேலே வருவதே இல்லை. ஆகாயத்தாமரை வேரில் குழாயைக் குத்தி, செடிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு கீழேயே இருக்கும். எண்ணெய் ஊற்றினாலும் அதைத் தொடாது. ஆகவே வீட்டுக் குளங்களில் செடியை அகற்றி, அதைத் தென்னைக்கு உரமாகப் போட்டு, குளத்தில் மீன் வளர்க்கச் சொன்னார்கள். மீனில் வருமானம் வந்ததால் குளத்துக்காரர் தாமாகவே செடியை எடுத்துக்கொண்டிருந்தார். நமக்கு வேண்டியது இந்த வழிதான்: குட்டையை மூடாமல், அதை மீன் வாழும் குட்டையாக மாற்றுவது.

அதில் முதல் வேலை ஓரம். புழு நடுவில் இல்லை, ஓரத்தில்தான் இருந்தது என்றேன் அல்லவா? நடுவில் காற்றில் அலை அடிக்கும். புழுவுக்கு அது ஆகாது. ஓரத்தில் புல் சாய்ந்து, தண்ணீர் இரண்டு விரல் ஆழத்தில் நிற்கும் இடம் அதற்குத் தொட்டில் மாதிரி. மீனும் அங்கே வர முடியாது. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிடுங்கள். மணல் சரியும் என்றால் பழைய சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பி ஓரமாக அடுக்குங்கள். புல்லைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இழுத்துப் போடுங்கள். ஆகாயத்தாமரை என்று நம் பக்கம் இரண்டு செடிகளைச் சொல்கிறோம். ஊதாப் பூ பூக்கிற வெங்காயத்தாமரை, முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கிற கொடித்தாமரை. இரண்டுமே வேண்டாம். அல்லி இரண்டு கொடி இருந்தால் பாதகமில்லை. குளிர்ச்சிக்காக மூடியிருக்கட்டும் என்று வாழை மட்டை, தென்னை ஓலையைத் தண்ணீரில் போடுவதை நிறுத்துங்கள். அழுகினால் கியூலெக்ஸுக்கு விருந்து.

இரண்டாவது மீன்.

"காம்பூசியா கிடைக்குமா?" என்று வாரம் ஒரு கடிதமாவது எனக்கு வருகிறது. என் பதில், பழவேற்காட்டில் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். காம்பூசியா அமெரிக்க மீன். 1928-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கொசுப்புழு தின்னும், உண்மைதான். பல மாநிலங்களில் சுகாதாரத் துறையே வளர்த்து விட்டிருக்கிறது. ஆனால் அது கொசுப்புழுவோடு நிற்பதில்லை. மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பைக் கூடக் கடிக்கும். முட்டையிடாமல் குட்டியாகவே போடுவதால் வேகமாகப் பெருகும். உப்புக் கலந்த தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்ளும். கப்பி மீனும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். தேசிய பல்லுயிர் ஆணையம் இரண்டையும் அயலிலிருந்து வந்து ஊடுருவும் இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நகரத்து மொட்டை மாடித் தொட்டியில் விட்டால் அது வேறு விஷயம். ஐப்பசி கார்த்திகையில் பழவேற்காட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரணி ஆற்று வெள்ளம் வரும், ஏரி ஏறும், தெருத்தண்ணீரும் குட்டைத்தண்ணீரும் ஏரியும் ஒன்றாகும். உங்கள் குட்டையில் விட்டது ஏரிக்குப் போகும். இறாலும் மடவையும் பிடித்துப் பிழைக்கிற ஊரில், குஞ்சு தின்னும் வெளியூர் மீனை நாமே விடலாமா?

அதற்குப் பதில் முண்டக்கண்ணி. வாய்க்கால், குட்டை, வயல் ஓரம் எங்கும் இருக்கும். சுண்டுவிரல் நீளம் கூட வராது. மேலே இருந்து பார்த்தால் தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு பளிச்சென்று மின்னும். வேறு அடையாளமே வேண்டாம். வாய் மேல்நோக்கி இருக்கும், எப்போதும் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே மேயும். கொசுப்புழு மூச்சுவிட வருவதும் அதே மேல்மட்டம்தான். நல்ல தண்ணீரிலும் இருக்கும், கொஞ்சம் உவர்ப்பு ஏறினாலும் தாங்கும். பிள்ளைகள் பழைய கொசுவலைத் துண்டை வைத்து அரை மணியில் ஐம்பது பிடித்துவிடுவார்கள். காசு செலவில்லை. வாசகியின் மூத்த மகன், "அந்த மீனா? அத நாங்க கண்ணாடி பாட்டில்ல போட்டு வெச்சிருப்போம்" என்றான். ஊரிலேயே இருக்கிற மருந்து.

உங்கள் குட்டை அளவுக்கு நாற்பது ஐம்பது மீன் போதும். பிடித்த தண்ணீரோடு பக்கெட்டில் கொண்டுவந்து, குட்டைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் கலந்து, அரை மணி கழித்து விடுங்கள். பிடித்த இடத்தில் உப்பு அதிகம் என்றால் இன்னும் நிதானமாகக் கலக்க வேண்டும். சூடும் உப்பும் ஒரே நொடியில் மாறினால் சாகும். சோறு போடாதீர்கள். வயிறு நிறைந்தால் புழுவைத் தேடாது. மிஞ்சின சோறு அழுகித் தண்ணீரும் கெடும். விரால் குஞ்சைச் சேர்த்து விட்டால் அது முண்டக்கண்ணியைத் தின்று தீர்த்துவிடும். ஜிலேபிக் கெண்டை பாசி மேயும், கொசுப்புழுவுக்கு அதை நம்ப வேண்டாம். வாத்து வைத்திருப்பவர்கள் இந்தக் குட்டையில் இறக்க வேண்டாம்; ஒரே காலையில் மீனைக் காலி செய்துவிடும். தட்டான் பூச்சியின் குஞ்சு தண்ணீருக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதுவும் புழு தின்னும்.

எல்லோரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. சித்திரை வைகாசியில் குட்டை வற்றும், மீன் சாகும். மழை பெய்து குட்டை புதிதாக நிரம்பும்போது அதில் மீனும் இல்லை, தட்டானும் இல்லை, ஒன்றுமில்லை. கொசு மட்டும் முதல் நாளே வந்துவிடும். அந்தப் பத்து நாளில் பிறப்பதுதான் வருஷத்திலேயே பெரிய கூட்டம். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் குளத்தைவிட வற்றி வற்றி நிரம்பும் குட்டைதான் ஆபத்து. இதற்கு வழி, குட்டை வற்றும் முன்பே இருபது மீனைப் பிடித்து நிழலில் ஒரு சிமென்ட் தொட்டியில் விட்டு வைப்பது. விதைநெல் எடுத்து வைக்கிற மாதிரி. முதல் மழையில் குட்டை நிரம்பிய மறுநாளே எடுத்து விட்டால் கொசுவுக்கு அந்தப் பத்து நாள் கிடைக்காது. தொட்டியின் மேல் வலை போடுங்கள். கொக்கு, காக்கை விடாது.

மூன்றாவது, மருந்து. மீன் விட்டு ஓரம் வெட்டின பிறகு பெரும்பாலும் தேவைப்படாது. அவசரத்துக்கு, மீன் இன்னும் பெருகாத நாட்களில், பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து போடலாம். புதுச்சேரி மையமே அதில் ஒரு ரகத்தை உருவாக்கியது. கொசுப்புழு அதைத் தின்றதும் குடல் கெட்டு ஓரிரு நாளில் சாகும். மீனுக்கும், தவளைக்கும், தேனீக்கும், மாட்டுக்கும் கெடுதல் இல்லை. கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால் அதன் மேல் வேலை செய்யாது. ஒரு எச்சரிக்கை: உரக்கடையில் காய்ப்புழுவுக்கு விற்கிற பி.டி. வேறு, இது வேறு. காய்ப்புழு மருந்தைக் குட்டையில் கொட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதியவர் இரண்டு பேர் இருக்கிறார்கள். டப்பாவில் கொசுப்புழுவுக்கு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அளவும் அதிலேயே இருக்கும்.

கத்தரிக்கு அடிக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்து, பெயரின் கடைசியில் 'மெத்ரின்' என்று வரும் வகை, குட்டைப் பக்கமே போகக் கூடாது. தெளிப்பானைக் குட்டையில் கழுவினாலே மீன் மிதக்கும். தெருவில் புகை அடிக்க வந்தால் விதை மீன் தொட்டியை அந்த நேரத்துக்கு மூடி வையுங்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் இருப்பது மறுநாள் எழுந்து வரும்.

கடைசியாக அந்த மணல். வீட்டுக்காரர் கொட்டி வைத்தது அப்படியே குவிந்து கிடந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சோப்புத் தண்ணீர் தேங்கி, கறுத்து, நாறிக்கொண்டிருந்த பள்ளம் ஒன்றைக் காட்டினேன். அதில் கிண்ணம் போடக் கூட வேண்டியதில்லை. நின்று பார்த்தாலே புழு நெளிந்தது. யானைக்கால் பரப்புகிற கியூலெக்ஸ் கொசுவுக்கு அந்த மாதிரித் தண்ணீர்தான் பிடிக்கும். மணலில் பாதி அதற்குப் போயிற்று. அந்தத் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்குத் திருப்பச் சொன்னேன். மீதி மணல் சாக்கில் நிரம்பிக் குட்டை ஓரத்துக்கு.

அம்மா, இன்னொன்று. உங்கள் முற்றம் சுத்தமானாலும் பக்கத்து வீட்டு டிரம்மில் பிறக்கும் கொசு உங்கள் வீட்டுக்கு வரும். சண்டையாகச் சொல்லாமல், அந்த வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் டிரம்மில் ஒரு முறை மொண்டு காட்டுங்கள். பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் குட்டையைப் பற்றியோ கொசுவைப் பற்றியோ யோசிக்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு முறை டெங்கு வந்தவருக்கு வேறு வகை டெங்கு வந்தால் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சல் இறங்குகிற நாளில் வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது இருந்தால் சரியாகிவிட்டது என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆஸ்பிரின், புரூபன் மாத்திரை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மாட்டுக்காக அசோலா தொட்டி போட்டிருக்கிறேன். கொசு வருமா?

— வாசகர், மீஞ்சூர்

பதில்: அசோலா தண்ணீரே தெரியாமல் கம்பளம் மாதிரி மூடியிருந்தால் கொசு முட்டையிடுவதும் கஷ்டம், புழு மூச்சுவிடுவதும் கஷ்டம். ஆனால் நீங்கள் தினமும் அள்ளுவீர்கள். ஒரே பக்கமாக அள்ளி மூலையைக் காலியாக விட்டால் அந்த மூலையில் வரும். பரவலாக அள்ளுங்கள், அள்ளினதும் மீதியைக் கையால் பரப்பி விடுங்கள். சில்பாலின் ஷீட்டின் விளிம்பு மடிப்புகளில் தனியாகத் தண்ணீர் தேங்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: கிணற்றிலும் குட்டையிலும் கழிவு ஆயில் ஊற்றினால் கொசு வராது என்கிறார்களே?

— வாசகர், பொன்னேரி

பதில்: எண்ணெய்ப் படலம் புழுவின் மூச்சுக் குழாயை அடைக்கும் என்பது உண்மை. அந்தக் காலத்தில் சாக்கடையில் ஊற்றினார்கள். ஆனால் படகு மோட்டாரிலும் டிராக்டரிலும் வடித்த கழிவு ஆயிலைத் தோட்டத்துக்குப் பாய்கிற தண்ணீரிலோ குடிக்கிற கிணற்றிலோ ஒரு சொட்டு கூட ஊற்றாதீர்கள். மீன் சாகும், மண் கெடும், கீரை வழியாக வயிற்றுக்கும் வரும். உங்கள் பகுதியில் நெல் வயல் கொசுவும் அதிகம். அதற்கு வேப்பம் புண்ணாக்கு நல்லது. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் 1990-களில் யூரியாவோடு வேப்பம் புண்ணாக்குக் கலந்து வயலில் போட்டுப் பார்த்ததில் கொசுப்புழு குறைந்தது. பயிருக்கும் அது உரம்தான். மீன் இருக்கிற குட்டையில் மட்டும் புண்ணாக்கைக் கொட்ட வேண்டாம்.